மூடின சர்க்கரை ஆலையை புது ஆள் எடுக்கும்போது பழைய தொழிலாளி பாக்கியை வாங்கறது எப்படி: முதல்ல எது, அப்புறம் எது – முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி பக்கம் மூடிப்போன ஃபேக்டரி தொழிலாளிங்களுக்கு க்ளைம் பேப்பர் எழுதிக் கொடுக்கறது நான் பல வருஷமா செய்யற வேலை. சர்க்கரை ஆலை ஆளுங்களும் இங்கயே வர்றாங்க, ஏன்னா ஆலை கடலூர்ல இருந்தா என்ன தஞ்சாவூர்ல இருந்தா என்ன, கம்பெனியோட ரெஜிஸ்டர்டு ஆபீஸ் தமிழ்நாட்டுலயோ புதுச்சேரியிலயோ இருந்தா திவால் கேஸ் நடக்கறது பீச் ஸ்டேஷன் பக்கம் ராஜாஜி சாலை கார்ப்பரேட் பவன்ல இருக்கற என்சிஎல்டி-ல (கம்பெனி வழக்குகளைப் பாக்கற தீர்ப்பாயம்) தான். ராத்திரி பஸ் புடிச்சு வந்து "புது முதலாளி வந்துட்டாராமே, எங்க பாக்கி எப்போ தருவாரு தோழர்"னு கேப்பாங்க. அந்தக் கேள்வியோட வர்றவங்கள்ல நிறைய பேருக்கு அப்பவே கடைசி தேதி தாண்டிப்போயிருக்கும்.

சட்டத்துல உங்களுக்கு இடம் இருக்கு. ஆனா எல்லா வேலைக்கும் ஒரு வரிசை இருக்கு, ஒண்ணை விட்டுட்டு அடுத்ததுக்குப் போனா அது பலிக்காது. அதனால கீழ இருக்கறதை வரிசை மாத்தாம செய்யுங்க.

1. கேஸ் எந்தக் கட்டத்துல இருக்குன்னு முதல்ல கண்டுபிடிங்க

கூட்டுறவு சர்க்கரை ஆலைன்னா இந்த வழி உங்களுக்குக் கிடையாது, அது கம்பெனி இல்ல, சங்கம், அங்க சர்க்கரைத் துறை ஆணையர் கிட்டதான் போகணும். தனியார் கம்பெனி ஆலைக்கு மட்டும் இது.

ஐபிபிஐ (திவால் வழக்கு வேலையைக் கண்காணிக்கற அரசு வாரியம்) வெப்சைட்ல பப்ளிக் அனௌன்ஸ்மென்ட்னு ஒரு பகுதி இருக்கு, அதுல கம்பெனி பேரைப் போட்டுத் தேடுங்க. போர்டுல இருக்கற பேரும் ரெஜிஸ்டர் ஆன பேரும் பல ஆலையில வேற வேற, அதனால பழைய சம்பள ஸ்லிப்ல இருக்கற முழுப் பேரைப் போடுங்க. அனௌன்ஸ்மென்ட் கிடைச்சா அதுல மூணு விஷயத்தை எழுதி வைங்க: என்சிஎல்டி கேஸை எடுத்துக்கிட்ட தேதி, ரெசல்யூஷன் ப்ரொஃபஷனல் (சுருக்கமா ஆர்பி, கேஸ் நடக்கும்போது கம்பெனியைப் பாத்துக்க நியமிக்கறவரு) பேரும் ஈமெயிலும், க்ளைம் குடுக்க கடைசி தேதி.

கேஸ் மூணு கட்டத்துல ஒண்ணுல இருக்கும். ஆலையை எடுத்து நடத்த ஆள் தேடற கட்டம் ஒண்ணு, அதை சிஐஆர்பின்னு சொல்வாங்க. புது ஆளோட திட்டத்துக்கு என்சிஎல்டி ஒப்புதல் குடுத்துட்ட கட்டம் ரெண்டாவது. யாரும் வராம லிக்விடேஷனுக்கு, அதாவது சொத்தை வித்து கடனை அடைக்கறதுக்குப் போன கட்டம் மூணாவது. எந்தக் கட்டம்னு தெரியாம ஃபார்ம் எடுத்தா தப்பு ஃபார்மை எடுப்பீங்க.

கேஸே போடலைன்னா? யூனியனே ஆபரேஷனல் கிரெடிட்டரா (சம்பளம், சரக்குக்கு பாக்கி வர வேண்டியவங்க) போய் கேஸ் போடலாம்னு 2019-ல ஜே.கே. ஜூட் மில் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. எல்லாரோட பாக்கியும் சேர்ந்து குறைஞ்சது 1 கோடி ரூபாய் இருக்கணும், முதல்ல டிமாண்ட் நோட்டீஸ் அனுப்பி 10 நாள் விடணும், பாக்கி நின்னு 3 வருஷம் தாண்டிடக் கூடாது. இந்த 3 வருஷக் கணக்கை நிறைய சங்கம் கவனிக்கறதில்ல, கேட் மீட்டிங்லயே வருஷம் ஓடிடுது.

2. கணக்கு போடறதுக்கு முன்னாடி பேப்பர் சேருங்க

க்ளைம் குடுக்க அனௌன்ஸ்மென்ட்ல போடற கடைசி தேதி ஆர்பி நியமனம் ஆன நாள்லருந்து 14 நாள் தான். அந்த 14 நாள்ல ஊருக்குப் போய் பரண்ல தேடி பேப்பர் எடுக்க முடியாது, அதனால கேஸ் வரும்னு வாசனை அடிக்கும்போதே சேர்க்க ஆரம்பிங்க.

தேவையானது இவ்வளவு தான்: வேலை உத்தரவு இல்லன்னா டோக்கன் கார்டு, கடைசியா வாங்கின சம்பள ஸ்லிப், சம்பளம் விழுந்த பேங்க் பாஸ்புக், பிஎஃப் யூஏஎன் நம்பர், இஎஸ்ஐ கார்டு, போனஸ் ஸ்லிப், கையெழுத்தான 12(3) ஒப்பந்தம் (லேபர் ஆபீஸர் முன்னாடி போட்ட ஒப்பந்தம்), லேபர் கோர்ட் ஆர்டர் ஏதாவது இருந்தா அது. ஆர்டர் லெட்டர் தொலைஞ்சு போனவங்க பயப்பட வேணாம், பிஎஃப் பாஸ்புக்ல கம்பெனி பேரும் மாசா மாசம் கட்டின தொகையும் இருக்கும், வேலையில இருந்ததுக்கு அதை விட நல்ல சாட்சி கிடையாது.

இன்னொண்ணு, பாக்கியை நீங்க கேட்டிருக்கீங்கன்னு காட்ட ஒரு டிமாண்ட் லெட்டர் வேணும். ரெஜிஸ்டர்டு ஆபீஸ் முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதை வைங்க. ஆலை கேட்ல ஒட்டிட்டு வர்றது லெட்டர் ஆகாது, போஸ்ட் ரசீது தான் பேசும்.

இறந்துபோன தொழிலாளி வீட்டுல இருந்து வர்றவங்க வாரிசு சான்றிதழுக்கு இ-சேவையில உடனே போட்டுடுங்க. தாசில்தார் கிட்டருந்து வர நாளாகும், அதனால இதைத்தான் எல்லாத்துக்கும் முதல்ல ஆரம்பிக்கணும். சான்றிதழ் கைக்கு வரலைன்னாலும் க்ளைமை தேதிக்குள்ள குடுத்துட்டு மனு நம்பரைச் சேர்த்து வைங்க. விதவைங்க தான் இந்த இடத்துல அதிகமா விட்டுப்போறாங்க, சங்கத்துக்காரங்க அவங்க வீட்டுக்குப் போய் எழுதி வாங்கணும், அவங்க வருவாங்கன்னு காத்திருக்கக் கூடாது.

3. நீங்க சட்டப்படி யாருன்னு முடிவு பண்ணுங்க

ஒர்க்மேன், எம்ப்ளாயீ – இந்த ரெண்டும் ஐபிசி-ல (திவால் சட்டம்) ஒண்ணு இல்ல. லிக்விடேஷன்ல ஒர்க்மேனோட கடைசி 24 மாச பாக்கி, அடமானக் கடன் குடுத்த பேங்குக்கு சமமா ஒரே வரிசையில நிக்கும். எம்ப்ளாயீக்கு 12 மாசம் தான், அதுவும் அடுத்த வரிசை. பல ஆலையில முதல் வரிசையோட காசு தீர்ந்துடும், அதனால இது சின்ன விஷயம் இல்ல.

ஸ்லிப்ல சூப்பர்வைசர்னு போட்டிருந்ததால தன்னை எம்ப்ளாயீன்னு எழுதிக்கிட்ட பேன் மேன் (பாகு காய்ச்சறவரு), ஃபிட்டர் எல்லாம் உண்டு. பேரைப் பாக்காதீங்க, செஞ்ச வேலையைப் பாருங்க. கையால மெஷின் ஓட்டினவரு, லீவு சாங்ஷன் பண்ற அதிகாரம் இல்லாதவருன்னா ஒர்க்மேன்னு எழுதி, என்ன வேலை செஞ்சாருன்னு நாலு வரி சேருங்க.

அடுத்தது பெர்மனென்டா, சீசனா. சர்க்கரை ஆலைக்கே உரிய விஷயம் இது. அரவை நடக்கற மாசம் மட்டும் கூப்பிட்ட சீசன் தொழிலாளிக்கு கிராஜுவிட்டி, சீசனுக்கு 7 நாள் சம்பளம். வருஷம் பூரா இருந்தவருக்கு வருஷத்துக்கு 15 நாள். சீசன்னு பேரு போட்டுட்டு ஆஃப் சீசன்ல ஓவர்ஹாலிங் வேலைக்கும் கூப்பிட்டிருந்தா அந்த மாச சம்பள ஸ்லிப்பைத் தேடி எடுங்க, அது கணக்கையே மாத்தும். சீசன் தொழிலாளிக்கு வருஷக் கணக்கு வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஆலை ஓடின நாள்ல முக்கால்வாசி, அதாவது 75 சதவீதம் வேலைக்கு வந்திருந்தா அது தொடர்ச்சியான சர்வீஸ் தான்.

கான்ட்ராக்ட்ல இருந்தவங்களும் விலகிப் போகாதீங்க. கான்ட்ராக்டர் சம்பளம் தரலைன்னா ஆலை தான் தரணும்னு 2025 நவம்பர் 21 வரைக்கும் இருந்த பழைய கான்ட்ராக்ட் லேபர் சட்டம் 21-ம் பிரிவு சொல்லுச்சு. கேட் பாஸ், மஸ்டர் ரோல் காப்பி ஏதாவது ஒண்ணு வேணும்.

4. கணக்கை தலைப்பு தலைப்பா பிரிச்சுப் போடுங்க

"மொத்தம் 8 லட்சம்"னு ஒரே வரியில எழுதினா ஆர்பி கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவாரு, இல்லன்னா அவருக்குத் தெரிஞ்சதை மட்டும் ஏத்துக்குவாரு. ஒவ்வொரு தலைப்புக்கும் சட்டத்துல தனி இடம் இருக்கறதால தனித்தனியா போடணும்.

சம்பள பாக்கி: மாசம் வாரியா. சீசன் ஆளுங்க ஆஃப் சீசன் ரிட்டென்ஷன் அலவன்ஸ் (அரவை இல்லாத மாசத்துக்குத் தர்ற தொகை) பாக்கியை இங்க சேருங்க, நிறைய பேர் அதை மறந்துடறாங்க.

லீவு சம்பளம், போனஸ், ஒப்பந்தத்துல வந்த அரியர்ஸ்.

சம்பளத்துல புடிச்சு கட்டாம விட்டது: சிக்கன நாணய சங்கக் கடன், எல்ஐசி பிரீமியம். இதுக்கு ஸ்லிப்பும் சங்கத்தோட ஸ்டேட்மென்ட்டும் ரெண்டும் வேணும், ஒண்ணு புடிச்சதைக் காட்டும், இன்னொண்ணு போய்ச் சேராததைக் காட்டும்.

கிராஜுவிட்டி: கடைசியா வாங்கின பேசிக்கும் டிஏ-வும் சேர்த்து 26-ஆல வகுத்து, 15-ஆல பெருக்கி, வருஷத்தால பெருக்கணும். 26,000 ரூபாய் வாங்கின 20 வருஷ பெர்மனென்ட்டுக்கு 3 லட்சம். அதே சம்பளத்துல 20 சீசன் வந்தவருக்கு 1,40,000. 6 மாசத்துக்கு மேல இருந்தா முழு வருஷமா எடுத்துக்கலாம். உச்ச வரம்பு 2018 மார்ச் 29-லருந்து 20 லட்சம். 2025 நவம்பர் 21-ல புது லேபர் கோட் அமலுக்கு வந்தாலும் அதுக்கு முன்னாடி வேலை நின்னவங்களுக்கு பழைய சட்டப்படி தான் எழுதறோம்.

மூடல் இழப்பீடு: முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரி சம்பளம், 2025 நவம்பர் 21 வரைக்கும் இருந்த பழைய தொழில் தகராறு சட்டம் 25எஃப்எஃப்எஃப் படி. இது கிராஜுவிட்டிக்குப் பதிலா இல்ல, அதுக்கு மேல. 100 பேரோ அதுக்கு மேலயோ இருந்த ஆலையை அரசு அனுமதி இல்லாம மூடியிருந்தா மூடாத மாதிரியே சம்பளம் வரணும்னு அதே பழைய சட்டத்தோட 25ஓ சொல்லுச்சு, ஆனா எதிர்த்தரப்பு "இது சீசன் தொழில், இந்தப் பிரிவு பொருந்தாது"ன்னு வாதம் வைப்பாங்க. சீசன் தொழிலா இல்லையாங்கறதை முடிவு பண்றது அரசாங்கம் தான், அதனால அப்படி ஒரு உத்தரவு இருக்கான்னு தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல இருக்கற லேபர் கமிஷனர் ஆபீஸ்ல ஆர்டிஐ போட்டுக் கேளுங்க.

புதுசா வர்றவங்க அதிகமா தடுக்கி விழற இடம்: இன்னிக்கு தேதி வரைக்கும் கணக்கு போடறது. க்ளைம், என்சிஎல்டி கேஸை எடுத்துக்கிட்ட தேதி வரைக்கும் தான். அதுக்கு அப்புறம் வர்ற சம்பளம் வேற கணக்கு. அந்த தேதிக்கு அப்புறமும் வாட்ச்மேனாவோ, மெஷினை துரு புடிக்காம பாத்துக்கவோ வேலை செஞ்சவங்களோட சம்பளம் திவால் செலவுல சேரும், அது எல்லாருக்கும் முன்னாடி தர வேண்டியது. ஆனா ஆலையை ஓட விட்டிருந்து, அதுல நெஜமா வேலை பார்த்திருந்தா தான்னு 2022 ஏப்ரல்ல ஏபிஜி ஷிப்யார்ட் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. அதனால கேட்ல நிக்கறவங்க வருகைப் பதிவை தினமும் எழுதி ஆர்பி ஆளு கிட்ட கையெழுத்து வாங்கணும்.

5. சரியான ஃபார்ம்ல, தேதிக்குள்ள குடுங்க

சிஐஆர்பி கட்டத்துல தனி ஆளுக்கு ஃபார்ம் டி, எல்லாருக்கும் சேர்த்து பிரதிநிதி குடுக்கறது ஃபார்ம் இ. லிக்விடேஷன்ல தனி ஆளுக்கு ஃபார்ம் இ, பிரதிநிதிக்கு ஃபார்ம் எஃப். ஒரே எழுத்து ரெண்டு இடத்துல ரெண்டு அர்த்தம், பாரிமுனை ஜெராக்ஸ் கடையில ஃபார்ம் இ கேட்டா எது கைல கிடைக்குதோ அதை எழுதிக் குடுத்துட்டு வந்தவங்களைப் பாத்திருக்கேன். ஃபார்ம் மேல எந்த விதிமுறைன்னு போட்டிருக்கும், அதைப் படிச்சுட்டு எழுதுங்க.

தனியாவா, சேர்ந்தா? சேர்ந்து போடறது தான் நல்லதுன்னு நான் சொல்வேன், ஆனா பட்டியல்ல உங்க பேரு, டோக்கன் நம்பர், தொகை சரியா இருக்கான்னு நீங்களே பாத்து கையெழுத்து போடுங்க. "சங்கம் போட்டுருச்சு"ன்னு வீட்டுல இருந்துட்டு பட்டியல்ல பேரே இல்லாம போனது நடக்கற விஷயம்.

ஈமெயில்ல அனுப்புங்க, கூடவே தபால்லயும் அனுப்புங்க. ஆர்பி கிட்ட க்ளைம் குடுக்க ஃபீஸ் கிடையாது. கமிஷன் கேட்டு வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கற ஆளு வந்தா குடுக்காதீங்க.

14 நாள் தாண்டிட்டா கைய விரிச்சுடாதீங்க. கேஸ் ஆரம்பிச்ச நாள்லருந்து 90 நாள், இல்ல ஆலையை எடுக்க வர்றவங்க கிட்ட திட்டம் கேட்டு அறிவிப்பு விடற நாள், இதுல எது பிந்தியோ அதுவரைக்கும் குடுக்கலாம், தாமதத்துக்குக் காரணம் எழுதணும். லிக்விடேஷன்ல 30 நாள்.

6. பிஎஃப்-பையும் கிராஜுவிட்டியையும் தனி ரூட்ல நகர்த்துங்க

ஐபிசி 36(4) படி பிஎஃப், பென்ஷன், கிராஜுவிட்டி ஃபண்ட் காசு லிக்விடேஷன் சொத்துலயே சேராது. பேங்கோட பங்கு போட வேண்டியதில்ல, அப்படியே தொழிலாளிக்கு வரணும். ஜெட் ஏர்வேஸ் விஷயத்துல பிஎஃப்-பும் கிராஜுவிட்டியும் முழுசா தரணும்னு 2022 அக்டோபர்ல என்சிஎல்ஏடி (என்சிஎல்டி-க்கு மேல இருக்கற அப்பீல் தீர்ப்பாயம்) சொன்னதை 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் மாத்தல.

பிஎஃப்-க்கு: பாஸ்புக்கைத் திறந்து எந்தெந்த மாசம் தொகை விழலைன்னு பட்டியல் எடுங்க. பிஎஃப் ஆபீஸ்ல புகார் குடுத்து 7ஏ விசாரணை (கம்பெனி கட்டாம விட்ட பிஎஃப் எவ்வளவுன்னு முடிவு பண்றது) கேளுங்க, பிஎஃப் ஆபீஸும் ஆர்பி கிட்ட தனியா க்ளைம் போடணும்னு அதே லெட்டர்ல எழுதுங்க. அவங்க போட்டிருப்பாங்கன்னு நினைச்சுட்டு இருக்கக் கூடாது, கேட்டு உறுதி பண்ணணும்.

கிராஜுவிட்டியில ஒரு சிக்கல் இருக்கு. ஃபண்டே வைக்காத கம்பெனியில லிக்விடேட்டர் அந்தக் காசைத் தனியா எடுத்து வைக்க வேண்டியதில்லைன்னு 2020-ல சவன் கோடியாவாலா வழக்குல என்சிஎல்ஏடி சொல்லிருக்கு. அதனால ஆலை எல்ஐசி குரூப் கிராஜுவிட்டி பாலிசி எடுத்திருந்துதா, டிரஸ்ட் இருந்துதான்னு கேட்டு ஆர்பிக்கு லெட்டர் போடுங்க, பழைய டைம் ஆபீஸ் ஆளுங்களுக்கு பாலிசி நம்பர் தெரிஞ்சிருக்கும். ஃபண்ட் இருந்தாலும் இல்லன்னாலும் ஃபார்ம்ல கிராஜுவிட்டியைப் போடாம விடாதீங்க.

7. ஏத்துக்கிட்ட பட்டியலைப் பாருங்க

கடைசி தேதியிலருந்து 7 நாள்ல ஆர்பி சரிபார்க்கணும். கேட்ட தொகை ஒரு பத்தி, ஏத்துக்கிட்ட தொகை ஒரு பத்தின்னு பட்டியல் வரும். வித்தியாசம் இருந்தா உடனே காரணம் கேட்டு ஈமெயில், பதில் வரலைன்னா ஐபிசி 60(5) படி என்சிஎல்டி-ல மனு. லிக்விடேட்டர் தள்ளினா 42-ம் பிரிவு அப்பீலுக்கு 14 நாள் தான்.

கேஸ் நடக்கற வரைக்கும் கம்பெனி மேல லேபர் கோர்ட் கேஸ் நகராது, இப்படி நிறுத்தி வைக்கறதுக்குப் பேரு தான் மொரட்டோரியம். "எனக்கு ஏற்கனவே கோர்ட்டுல கேஸ் இருக்கு, ஃபார்ம் எதுக்கு"ன்னு கேக்கறவங்களுக்கு இது தான் பதில், ஃபார்ம் போடணும், கேஸ் நம்பரை அதுல எழுதணும்.

8. புது ஆள் வர்றதுக்கு முன்னாடி உங்க கோரிக்கை எழுத்துல இருக்கணும்

இது தான் எல்லாத்துலயும் முக்கியம். திட்டத்துக்கு என்சிஎல்டி ஒப்புதல் குடுத்துட்டா அதுல இல்லாத பாக்கி அழிஞ்சுடும்னு 2021 ஏப்ரல்ல கன்ஷியாம் மிஸ்ரா வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. புது முதலாளி நல்லவரா கெட்டவராங்கறது இல்ல பேச்சு, திட்டத்துல எழுதியிருக்கா இல்லையாங்கறது தான்.

திட்டத்தை ஓட்டு போட்டு எடுக்கறது பேங்குங்க, 66 சதவீதம் வேணும். தொழிலாளிக்கு ஓட்டு இல்ல. ஆனா ஆபரேஷனல் கிரெடிட்டர் எல்லாரோட பாக்கியும் சேர்ந்து மொத்தக் கடன்ல 10 சதவீதம் வந்துச்சுன்னா பிரதிநிதி கூட்டத்துல உக்காரலாம். கரும்பு விவசாயிங்க பாக்கியும் இதுல சேரும்ங்கறதால அவங்களோட பேசி ஒண்ணா போங்க, அவங்க எழுத வேண்டியது ஃபார்ம் பி.

ஆர்பிக்கு குடுக்கற லெட்டர்ல இதெல்லாம் கேளுங்க: லிக்விடேஷன்ல கிடைக்கறதை விட குறையக் கூடாது (இது சட்டமே), பிஎஃப்-பும் கிராஜுவிட்டியும் தனி வரியில முழுசா, காசு தர்ற தேதி, பழைய ஆளுங்களை திரும்ப எடுக்கறப்போ பழைய சர்வீஸ் தொடருமா இல்லையா. கூடவே பாய்லர் அட்டெண்டண்ட், பேன் மேன், மில் ஃபிட்டர், லேப் கெமிஸ்ட்னு திறமை வாரியா ஒரு ஆள் பட்டியல் வைங்க. எடுக்க வர்றவருக்கு அது உதவும், உங்களுக்கும் வேலை பேச ஒரு பிடி.

9. ஆலையை ஓட்ட வர்றாரா, இரும்புக்கு வர்றாரான்னு பாருங்க

தவணை முறையில பாக்கி தர்றேன்னு திட்டம் சொன்னா, அரவை நடந்தா தான் அந்தத் தவணை வரும். கரும்பு விளைய 10-லருந்து 12 மாசம் ஆகும், அதனால நடவுக்கு முன்னாடியே விவசாயி கிட்ட பேசாத ஆளு அடுத்த சீசன் ஓட்டப் போறதில்ல. கரும்பு வெட்டிக் குடுத்த 14 நாள்ல காசு தரணும்ங்கறது 1966 கரும்பு கட்டுப்பாட்டு ஆணை, பழைய பாக்கியால நொந்து போனவங்க வேற ஆலைக்கு மாறியிருப்பாங்க. திரு ஆரூரான் ஆலை கை மாறின பிறகும் விவசாயிங்க பேர்ல இருந்த பேங்க் கடனுக்காக திருமண்டங்குடியில 2022 கடைசியில ஆரம்பிச்ச போராட்டம் நீண்டுக்கிட்டே போச்சு, அப்படி ஒரு பிரச்சனை நிலுவையில இருக்கான்னு கேளுங்க.

அப்புறம் பாய்லர் இன்ஸ்பெக்டர் சான்றிதழ், மாசு கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இதுக்கெல்லாம் திட்டத்துல காசும் காலமும் ஒதுக்கியிருக்கான்னு பாருங்க. மில் ரோலரும் டர்பைனும் எந்த நிலைமைன்னு உங்களை விட யாருக்குத் தெரியும், அதை எழுதி ஆர்பி கிட்ட குடுங்க. ஓட்டற எண்ணம் இல்லைன்னு தெரிஞ்சா தவணையை ஒத்துக்காம முன்பணமா கேக்கறது தான் சரின்னு நினைக்கறேன்.

10. உத்தரவு வந்த பிறகு

உத்தரவு காப்பியை என்சிஎல்டி சைட்ல எடுத்து உங்க பாக்கி பத்தி எழுதியிருக்கற வரியைப் படிங்க. தப்பா இருந்தா என்சிஎல்ஏடி அப்பீலுக்கு 30 நாள், போதுமான காரணம் காட்டினா இன்னும் 15 நாள், அதுக்கு மேல ஒரு நாள் கூட இல்ல. ஆபரேஷனல் கிரெடிட்டருக்கு பேங்குக்கு முன்னாடி குடுக்கணும்னு விதி இருக்கு, பேங்குக்குப் போயிட்டு உங்களுக்கு வரலைன்னா அதையே காரணமா காட்டி மனு போடலாம்.

லிக்விடேஷனுக்குப் போயிட்டா, முன்னாடி போட்ட க்ளைமே எடுத்துக்குவாங்கன்னு 2022-ல விதி வந்துச்சு, இருந்தாலும் 24 மாசக் கணக்கு தேதி மாறுறதால புதுசா அப்டேட் பண்ணிடுங்க. பேங்க் அக்கவுன்ட் நம்பர், ஐஎஃப்எஸ்சி, போன் நம்பர் மாறினா லிக்விடேட்டருக்கு உடனே ஈமெயில் போடணும், பேங்க் இணைஞ்சதுல ஐஎஃப்எஸ்சி மாறி காசு திரும்பிப் போறது உண்டு. வாங்காம கிடக்கற காசு கார்ப்பரேட் லிக்விடேஷன் அக்கவுன்டுக்குப் போயிடும், அங்கருந்தும் ஐபிபிஐ-க்கு மனு போட்டு வாங்கலாம், அதுக்கு ஏத்துக்கிட்ட பட்டியல்ல உங்க பேர் இருக்கற பக்கத்தோட காப்பி வேணும், அதனால அந்தப் பக்கத்தை இப்பவே பிரிண்ட் எடுத்து பாஸ்புக்கோட சேர்த்து வைங்க.